செவலைக்கு நான் போட்ட சோறு

எங்கள் கோழி செவலை செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் வயிற்றைத் திறந்த டாக்டர், உள்ளே இருந்ததைக் கையுறை போட்ட விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிட்டுப் போட்டது மாதிரி கட்டி கட்டியாகக் குடலோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கடியில் கலங்கிய மஞ்சள் தண்ணீர், ஒரு டம்ளருக்குக் குறையாது. கல்லீரல் சிவப்பாக இல்லை. வெளிறி, மெழுகு போல இருந்தது. விரல் பட்டதும் பிய்ந்தது. சுற்றிலும் கெட்டியான கொழுப்பு.

"முன்னாடியெல்லாம் என்னம்மா தீனி போட்டீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். காலையில் மீந்த சோறு. மத்தியானம் சப்பாத்தித் துண்டு, ஒரு கை கோதுமை. சாயங்காலம் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பாசமா வளர்த்திருக்கீங்க, ஆனா அது முட்டைக்கோழி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. பெங்களூரில் மொட்டை மாடியிலும் வீட்டுப் பின்னாலும் நாலைந்து கோழி வைத்திருக்கிற நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ராமமூர்த்தி நகர். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், கோழியும் வளர்க்கிறாள். 2023 ஜூன் மாதம், மழை பிடிக்கும் நேரத்தில், முட்டையிடத் தொடங்கும் வயசில் நாலு கோழி வாங்கினோம். பழுப்பு முட்டையிடும் கலப்பினம். செவலை, பொட்டு, கருவாலி, சின்னவள் என்று பையன் பேர் வைத்தான். ஜூலை முடிவதற்குள் நாலும் முட்டையிட ஆரம்பித்தன. தினம் மூன்று, சில நாள் நாலு. அல்சூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக்கூட வாரம் ஒரு டஜன் போனது. இவ்வளவு கொடுக்கிற உயிருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வயிறு நிறையப் போடுகிறோம், வேறென்ன வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஒரு முட்டை உருவாகிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பையும் இடப்பக்க முட்டைக் குழாயும் மட்டும்தான் வளர்ந்து வேலை செய்கின்றன. வலப்பக்கம் வளராமல் நின்றுவிடும். சினைப்பையில் பழுத்த மஞ்சள் கரு கழன்று விழும். குழாயின் வாய் புனல் மாதிரி விரிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு சுற்றும், பிறகு ஒரு மணி நேரம் போல ஆகி மெல்லிய சவ்வு மூடும். அதுவரை எல்லாம் வேகமாக நடக்கும். கடைசியில் ஓடு போடும் இடத்தில் மட்டும் இருபது மணி நேரம் உட்கார்ந்திருக்கும். மொத்தத்தில் ஒரு நாளும் கொஞ்சமும். ஒன்று வெளியே வந்த அரை மணியில் அடுத்த கரு கழன்றுவிடும்.

அந்த ஓட்டைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது. 60 கிராம் முட்டையில் ஓடு மட்டும் ஏறக்குறைய 6 கிராம். அதில் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், 2 கிராமுக்கு மேல். ஒரு கோழியின் உடம்பில் இருக்கும் மொத்தக் கால்சியமே 20 கிராம் அளவுதான். பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முட்டையிலும் வெளியே தள்ளுகிறாள். தீனியில் வராவிட்டால் எங்கிருந்து எடுப்பாள்? எலும்பிலிருந்துதான். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கால் எலும்புக்குள் ஓட்டுக்காகவே சேர்த்து வைக்கும் ஒரு மென்மையான எலும்பு உண்டு. அது தீர்ந்தால் உடம்பைத் தாங்குகிற எலும்பையே கரைக்கும். முட்டை மட்டும் சில நாள் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தீனி தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும்; ஆக 4 கிராம் அளவு உள்ளே போகும், அதில் பாதிதான் உடம்பில் சேரும், ஓட்டுக்குச் சரியாகிவிடும். அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூட உறுதியில்லை. பக்கத்து வீட்டு அஜ்ஜி, "ராகி ஹாக்ரி, மொட்டெ கட்டி ஆகுத்தெ" (ராகி போடுங்க, முட்டை கெட்டியாகும்) என்று சொன்னதைக் கேட்டு நடுவில் கொஞ்ச நாள் ராகியும் போட்டேன். தானியங்களில் ராகிக்குத்தான் சுண்ணாம்புச்சத்து அதிகம், அஜ்ஜி சொன்னதில் தப்பில்லை. நமக்கு அது போதும். ஆனால் 100 கிராம் ராகியில் இருப்பது 350 மில்லிகிராம் அளவு. கோழி ராகியை மட்டுமே வயிறு முட்டத் தின்றாலும் 400 மில்லிகிராம் தாண்டாது. தேவை 4,000.

சோறும் சப்பாத்தியும் கால்சியம் தராததோடு நிற்கவில்லை. வயிற்றை அடைத்துவிட்டன. கிடைத்த மாவுச்சத்தெல்லாம் கல்லீரலில் கொழுப்பாகப் படிந்தது. போதுமான புரதம் எங்கிருந்தும் வரவில்லை. உள்ளே கொழுப்பு தடித்தால் முட்டைக் குழாய்க்கும் இடம் நெருக்கடி, தள்ளவும் தெம்பில்லை. டாக்டர் காட்டிய அந்தக் கல்லீரல் பல மாதம் வயிறு நிறைந்திருந்த கோழியின் கல்லீரல்.

இன்னொரு தவறும் செய்தேன். அந்த டிசம்பரில் முட்டை குறைந்தது. பெங்களூரில் டிசம்பர் மாதம் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. வெளிச்சம் குறைந்தால் கோழியின் உடம்பு தானாகவே மெல்ல நிற்கப் பார்க்கும். தெரிந்த ஒருவர், "கூண்டுல ஒரு பல்பு போடுங்க, பண்ணையில அப்படித்தான் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டறாங்க" என்றார். போட்டேன். சில வாரத்தில் பழையபடி முட்டை வந்தது. சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் எனக்கு அந்தச் சோற்றைவிட இந்த பல்புதான் அதிகம் உறுத்துகிறது. அவள் நிற்க நினைத்தாள், நான் விடவில்லை.

2024 கோடை வந்தது. தண்ணீர் லாரிக்கு ஊரே காத்துக் கிடந்த கோடை. மாடி தளம் மதியத்தில் கால் வைக்க முடியாது. கோழிகள் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே நின்றன. அப்படி இளைக்கும்போது மூச்சோடு கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். ஓடு செய்ய இரத்தத்தில் அதிலிருந்து கிடைக்க வேண்டிய பொருள் குறையும். கூடவே தீனியும் எடுக்காது. ஏப்ரலில் முதல் தோல்முட்டை கிடைத்தது. பரணுக்கடியில் ஈரமாகக் கிடந்தது. எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஓடே இல்லை. விரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்து மெல்ல மேலே வந்தது. வெயிலில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிழலாக அசைந்தது. பையன் ஆசையாக வாங்கி உருட்டிப் பார்த்தான். நான் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தாள். "கண்ணு, தோல்முட்டை போட்டா கோழிக்கு ஒடம்பு சரியில்லைன்னு அர்த்தம். கிளிஞ்சல் கிடைச்சா நுணுக்கி வை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று ஞாயிறு போனது.

மே மாதம் ஒரு காலை. செவலை மூலையில் நின்றாள். வால் தொங்கியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. முட்டைப் பெட்டிக்குள் போவாள், உட்காருவாள், முக்குவாள், எழுந்து வெளியே வருவாள். எச்சவாய் துடித்துக்கொண்டே இருந்தது. இதைத்தான் முட்டை அடைத்துக்கொள்வது என்கிறார்கள். நான் போன் செய்த முதல் இரண்டு இடத்திலும் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் இந்த டாக்டர். வருவதற்கு நேரமாகும், அதுவரை இப்படிச் செய்யுங்கள் என்று போனிலேயே சொன்னார்.

குளிப்பாட்டும் டப்பில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் பிடித்து, அடிவயிறு முங்குகிற மாதிரி செவலையை உட்கார வைத்தேன். முதலில் உதறினாள். பிறகு தலையை என் முழங்கையில் சாய்த்துக்கொண்டாள். அப்படியே இருபது நிமிடம். தண்ணீர் ஆறினால் ஓரமாகக் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினேன். துடைத்து, எச்சவாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டாக இருக்கும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தேன். டாக்டர் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: வயிற்றை அமுக்கக்கூடாது, உள்ளே முட்டையை உடைக்கக்கூடாது, உடைந்தால் ஓட்டுச் சில்லு கிழித்துவிடும், கரு உள்ளே பரவினால் பிழைப்பது கஷ்டம்.

மத்தியானம் அவர் வந்து கால்சியம் ஊசி போட்டார். ஊசிக்கு அப்புறம் ஒரு மணி நேரத்தில் முட்டை வந்தது, அதுவும் தோல்முட்டைதான். அவர் அப்போது சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. கால்சியம் ஓட்டுக்கு மட்டும் இல்லை, தசை சுருங்கி விரியவும் அதுதான் வேண்டும். கால்சியம் குறைந்தால் ஓடும் மெலியும், முட்டையைத் தள்ளும் பலமும் போகும். போதாததற்கு, கெட்டியான முட்டையைத்தான் குழாய் பிடித்துத் தள்ள முடியும், மெத்தென்று இருப்பதைத் தள்ளுவது இன்னும் சிரமம். ஒரே குறை மூன்று பக்கமும் அடைக்கிறது.

அன்றைக்கே தீனியை மாற்றினேன். ஆனால் செவலைக்கு அது தாமதம். ஜூலையில் அவள் நடை மாறியது. உடம்பை நிமிர்த்தி, காலை அகட்டி, கர்ப்பிணி மாதிரி நடந்தாள். தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி, வயிறு மட்டும் தண்ணீர்ப் பை மாதிரி. மஞ்சள் கருவைக் குழாயின் வாய் பிடிக்காமல் விட்டு, அது வயிற்றுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. கரு ஒன்றிரண்டு விழுந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளுமாம். மறுபடி மறுபடி விழுந்து, அதில் ஈ.கோலை கிருமியும் சேர்ந்துவிட்டால் வயிறெல்லாம் புண்ணாகிவிடும். மருந்து கொடுத்தோம், ஊசியால் தண்ணீர் எடுத்தோம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போய்விட்டாள். பையன் இரண்டு நாள் மாடிக்கு ஏறவில்லை.

மற்ற மூன்றுக்கும் நான் மாற்றியதைச் சொல்கிறேன். அடித்தீனி முட்டைக்கோழித் தீவனம்; தீனித் தொட்டியில் வேறெதையும் கலப்பதில்லை. வீட்டில் மீந்ததைக் கொடுத்தால் ஒரு கோழிக்கு ஒரு ஸ்பூன், அதுவும் சாயங்காலம், தீவனம் தின்ற பிறகு. சாம்பார், ஊறுகாய், உப்புப் போட்ட எதுவும் கிடையாது. முருங்கைக்கீரை, அகத்தி, கொத்தமல்லித் தண்டு தாராளமாக. நம் ஊர் ஜூஸ் கடைகளில் கிடைக்கிற பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மட்டும் தோலும் கொட்டையும் உட்பட வேண்டவே வேண்டாம், பறவைகளுக்கு அது விஷம். தினம் சில மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வைட்டமின் டி இல்லாமல் எவ்வளவு கால்சியம் போட்டாலும் குடலில் ஏறாது. பால்கனியில் வலை அடித்து நிழலிலேயே வளர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தூளாக இல்லை, குருணையாக. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அப்போது கோழி தின்னாது. பொடி சீக்கிரம் கரைந்து போய்விடும். குருணை அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், எலும்பில் கை வைக்க வேண்டியிருக்காது. எவ்வளவு வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். முட்டை உருவாகிற நாளில் அடைவதற்கு முன் தேடி வந்து கொத்துவாள், இல்லாத நாளில் தொடமாட்டாள். முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் அது அவள் கொடுத்ததையே திருப்பிக் கொடுப்பது, அதிலும் பாதிதான் சேரும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்குவதாக ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள், அது தொண்டையையும் குடலையும் அரித்துவிடும்.

அம்மா வீட்டுக் கோழிகள் சாயங்காலமானால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் உரிந்து தொங்கும் பழைய சுண்ணாம்பைக் கொத்திக்கொண்டிருக்கும். சின்ன வயசில் நாங்கள் அதை விரட்டுவோம், சுவரைக் கெடுக்கிறது என்று. அடித்து வருஷக்கணக்கான சுண்ணாம்பு காற்றுப் பட்டுச் சுண்ணாம்புக்கல்லாகவே மாறியிருக்கும். கிளிஞ்சலும் அதுவும் ஒரே பொருள்தான். இங்கே என் வீட்டுச் சுவர் முழுக்க பெயிண்ட்.

தீவனம் வாங்குவதில் நகரத்தில் ஒரு தொல்லை உண்டு. மூட்டை 50 கிலோ. நாலு கோழிக்கு மாதம் 13 கிலோ போதும். மூட்டை முடிய நாலு மாதம் ஆகும், அதற்குள் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வருகிற பூஞ்சை நஞ்சு நேராகக் கல்லீரலைத்தான் தாக்கும். வாடை மாறின தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போடுவதும் கூடாது, நஞ்சு காய்ந்து போகாது. லிங்கராஜபுரத்தில் கோழி வளர்க்கும் ஒரு அக்காவும் நானும் இப்போது மூட்டையைப் பாதி பாதி பிரித்துக்கொள்கிறோம். இன்னொன்று: முட்டையிடாத குஞ்சுக்கும் சேவலுக்கும் இந்தத் தீவனம் ஆகாது. அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளரும் பருவத் தீவனத்தில் 1 சதவீதம்தான் இருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்து பத்து மாதம் கழித்து, 2025 மார்ச்சில், சின்னவளும் போனாள். ஓடு கெட்டியாகத்தான் இருந்தது, உடம்பில் கொழுப்பில்லை. முட்டைக் குழாயில் கட்டி. டாக்டரிடம் அழாத குறையாகக் கேட்டேன், இப்போது நான் என்ன தப்பு செய்தேன் என்று. "நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. இந்தக் கோழியே அப்படித்தான்" என்றார்.

அதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும், அதுவும் குஞ்சு பொரிக்க. அம்மாவின் நாட்டுக்கோழி அறுபது, எழுபது. இங்கே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய கிரிராஜா என்ற கோழி இனம் 130, 150 என்று போகும். பண்ணைக் கலப்பினம் 300 தாண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் சினைப்பையில் ஒரு காயம் பட்டு ஆறுகிறது. மனிதப் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் முட்டைக்கோழியை வைத்துப் படிக்கிறார்கள். அது தானாகவே அவ்வளவு அடிக்கடி அவளுக்கு வருகிறது. பண்ணையில் ஒன்றரை வயசில் அவளைக் கறிக்கு அனுப்பிவிடுவதால் இந்த நோயெல்லாம் அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டில் வைத்து மூன்று, நாலு வருஷம் வளர்க்கிற நம் கண்ணில்தான் படும்.

தீனி சரியாக இருந்தால் நோய் வராது என்று நான் சொல்லமாட்டேன். தீனி கெட்டால் நிச்சயம் சீக்கிரம் வரும். அதற்கு மேல் அவளுக்கு வேண்டியது ஓய்வு. அம்மாவின் கோழி பன்னிரண்டு முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தோரு நாள் முட்டை கிடையாது. பிறகு குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் அலையும், அப்போதும் முட்டை கிடையாது. அத்தனை நாளும் குழாய் சுருங்கி, எலும்பு தேறி, உடம்பு திரும்பும். கலப்பினத்துக்கு அடை உட்காரும் குணத்தையே எடுத்துவிட்டார்கள். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஓய்வு, பகல் குறையும்போது இறகு உதிர்த்து நிற்கிற அந்த இரண்டு மூன்று மாதம். அதைத்தான் நான் பல்பு போட்டுத் தடுத்தேன்.

பல்பைக் கழற்றி ஹோல்டரையும் எடுத்துவிட்டேன். போன மாதம் பொட்டு முட்டையை நிறுத்தினாள். அம்மாவுக்கு போன் செய்து சொன்னபோது, "நிக்கட்டும் உடு கண்ணு. அது என்ன மிசினா?" என்றாள். பொட்டுவின் கொண்டை வெளிறிச் சின்னதாகிவிட்டது. கழுத்தெல்லாம் மொட்டை, அங்கங்கே முள் மாதிரி புது இறகு எட்டிப் பார்க்கிறது. தொட்டால் வலிக்கும் போல, விலகிப் போகிறாள். அவளுக்கு மட்டும் உப்பில்லாத கருவாட்டுத் தூள் கொஞ்சம் தனியாகக் கொடுக்கிறேன், இறகு வளரப் புரதம் வேண்டும். கிளிஞ்சல் கிண்ணத்தின் பக்கம் அவள் வருவதே இல்லை. கருவாலி மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து நாலு கொத்து கொத்திவிட்டுப் போகிறாள். இன்னும் ஓரிரு வாரத்தில் அவளும் நிறுத்திவிடுவாள்.

நேற்று பையன் ஆம்லெட் வேண்டும் என்றான். முனைக் கடையில் ஆறு முட்டை வாங்கி வந்தேன்.